ரேபிட் கார்டு, எலைசா, கெமிலூமினசென்ஸ்: எதை எப்போது நம்பலாம்?

காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் எடுத்த ரத்தத்தில் டெங்கு என்எஸ்1 பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். இப்படி ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்ததும் இரண்டில் ஒன்று தவறு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டுமே சரியாக இருக்கலாம். என்எஸ்1 வைரஸ் உருவாக்கி ரத்தத்தில் கலக்கவிடும் புரதம், அதாவது ஆன்டிஜென். காய்ச்சலின் முதல் நாட்களிலேயே அது ரத்தத்தில் கிடைக்கும். ஐஜிஎம் நம் உடல் அந்த வைரஸுக்கு எதிராகத் தயாரிக்கும் ஆன்டிபாடி. அது தென்பட நாலைந்து நாளாவது ஆகும். ஒரு வாரம் கழித்து அதே ஆளுக்குப் பார்த்தால் என்எஸ்1 மறைந்து ஐஜிஎம் மட்டும் இருக்கலாம். இரண்டாவது முறை டெங்கு வந்தவர் என்றால் இன்னும் சிக்கல்: ஐஜிஜி (நீண்ட காலம் நிலைக்கும் இன்னொரு வகை ஆன்டிபாடி) மளமளவென்று ஏறிவிடும், என்எஸ்1 சீக்கிரமே காணாமல் போகும், ஐஜிஎம் மிகக் குறைவாக எழும்பி, சில சமயம் கிட்டின் கண்ணில் படாமலே போய்விடும்.

அதனால் கார்டா, எலைசாவா, மெஷினா என்ற போட்டிக்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தேடுவது ஆன்டிஜெனையா, ஆன்டிபாடியையா? நோய் தொடங்கி எத்தனையாவது நாள்? இதில் தவறினால் எவ்வளவு விலை உயர்ந்த கருவியாலும் காப்பாற்ற முடியாது.

ஹெபடைடிஸ் பி இதற்கு நல்ல உதாரணம். மேற்பரப்பு ஆன்டிஜென் இருந்தால் வைரஸ் இப்போது உடலில் இருக்கிறது. அதற்கு எதிரான ஆன்டிபாடி மட்டும் இருந்தால் தடுப்பூசியாலோ, நோய் வந்து குணமானதாலோ பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. இந்த இரண்டில் எது என்று எப்படிப் பிரிப்பது? வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைப் பார்க்க வேண்டும். தடுப்பூசியில் மேற்பரப்புப் புரதம் மட்டுமே இருப்பதால், ஊசி போட்டவருக்கு உட்கரு ஆன்டிபாடி வராது. நிஜ வைரஸைச் சந்தித்தவருக்கே வரும். ஒரே நோய்க்கு மூன்று பரிசோதனைகள், மூன்றுக்கும் மூன்று அர்த்தம். பிறந்த குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். ஆகவே எச்ஐவி உள்ள தாயின் குழந்தைக்கு ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்தால் அது தாயுடையதாகவே இருக்கலாம். 18 மாதத்துக்குள் வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனைதான் பதில் சொல்லும்.

சரி, இனி முறைகளுக்கு வருவோம்.

மிகப் பழையது திரட்சி முறை. ஆன்டிஜென் பூசிய துகள்களுடன் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவத்தை, கலந்தால், ஆன்டிபாடி இருக்கும்பட்சத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். கண்ணாலேயே பார்த்துவிடலாம். கருவி வேண்டாம், செலவு குறைவு, ரத்த வகை பார்க்க இன்றும் இதுதான் அடிப்படை. ஆனால் இதே முறையில் 1896இல் வந்த விடால் பரிசோதனையை வைத்து டைபாய்டை முடிவு செய்யும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பழைய தொற்று, போட்ட தடுப்பூசி, டைபாய்டுக் கிருமிக்கு உறவான வேறு சால்மோனெல்லா வகைகள், சம்பந்தமே இல்லாத வேறு காய்ச்சல்கள் என்று பல காரணங்களால் விடால் பாசிட்டிவ் ஆகும். ஒரு வாரம், பத்து நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு சாம்பிள்களில் ஆன்டிபாடி அளவு நான்கு மடங்கு ஏறினால்தான் அதற்கு ஓரளவு பொருள் உண்டு. அந்த இரண்டாவது சாம்பிளை பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. முதல் சாம்பிளின் எண்ணைப் பார்த்தே ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது. டைபாய்டை உறுதிசெய்ய, மருந்து தொடங்கும் முன் எடுக்கும் ரத்தக் கல்ச்சர்தான், அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான், சரியான வழி.

அதற்காகத் திரட்சி வகைப் பரிசோதனைகளை எல்லாம் ஒதுக்கிவிட முடியாது. சிஃபிலிஸ் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க, அட்டை மேல் துகள்கள் திரளும் ஆர்பிஆர் பரிசோதனையின் அளவைத்தான் இன்னும் நம்புகிறோம். சிகிச்சைக்குப் பின் அது இறங்கும். சிஃபிலிஸ் கிருமிக்கே எதிரான ஆன்டிபாடியைத் தேடும் டிபிஎச்ஏ அதைவிடத் துல்லியமானது. ஆனால் குணமான பிறகும் பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுக்க பாசிட்டிவாகவே இருக்கும். ஆர்பிஆரில் ஒரு பொறி உண்டு. ஆன்டிபாடி அளவுக்கு மீறி இருந்தால் துகள்கள் திரளாமல் நெகட்டிவ் போலக் காட்டும். சீரத்தை நீர்த்துப் பார்த்தால் உண்மை வெளிவரும். சந்தேகம் இருந்தால் நீர்த்துப் பார்க்கச் சொல்ல மருத்துவர் தயங்கக் கூடாது.

கதிரியக்க முறையை இப்போது அதிகம் காண முடியாது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அளக்க, கதிரியக்கப் பொருளை அடையாளமாக ஒட்டி உருவாக்கிய முறை அது. யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது; பெர்சன் 1972லேயே இறந்துவிட்டார். கதிரியக்கப் பொருளைக் கையாளும் தொல்லைக்கு மாற்றாக, அந்த இடத்தில் நொதியை வைத்ததுதான் எலைசா. 1971இல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வால், பீட்டர் பெர்ல்மான் ஒரு பக்கமும், நெதர்லாந்தில் ஷூர்ஸ், வான் வீமன் இன்னொரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இந்த யோசனையை வெளியிட்டார்கள்.

இன்று உண்மையான போட்டி எலைசா, கெமிலூமினசென்ஸ், ரேபிட் கார்டு மூன்றுக்கும் நடுவில்தான்.

எலைசாவில் 96 குழிகள் கொண்ட தட்டு. குழியின் அடியில் ஆன்டிஜெனோ ஆன்டிபாடியோ ஒட்டியிருக்கும். சீரம், அப்புறம் நொதி இணைத்த ஆன்டிபாடி, கடைசியில் நிறம் தரும் ரசாயனம், நடுநடுவே கழுவல். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு அதிகம் தேடிய பொருள். ஒரே நேரத்தில் நிறைய சாம்பிள்கள் இருந்தால் ஒரு சாம்பிளுக்கான செலவு நன்றாகக் குறையும். ஒவ்வொரு தட்டிலும் கன்ட்ரோல் (பதில் முன்பே தெரிந்த சாம்பிள்) ஓடுவதால் தரமும் தெரியும். ஆனால் கழுவல் சரியில்லை என்றால் ஒட்டாத நொதி தங்கி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். ஒரே ஒரு அவசர சாம்பிளுக்குத் தட்டு போடுவது வீண் செலவு என்பதால் சாம்பிள் சேரும் வரை காத்திருப்பார்கள். இரண்டு மூன்று மணி நேர வேலை இப்படித்தான் இரண்டு மூன்று நாளாக நீள்கிறது.

கெமிலூமினசென்ஸ் அந்தக் காத்திருப்பை ஒழித்தது. நிறத்துக்குப் பதில் ஒளியை அளக்கிறது. குழாயை வைத்தால் கருவியே உறிஞ்சி, கலந்து, கழுவி, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் எண்ணைத் தந்துவிடும். மிகச் சிறிய அளவையும் பெரிய அளவையும் ஒரே ஓட்டத்தில் பிடிக்கும். வேலை நிறைந்த ரத்த வங்கிக்கும் பெரிய ஆய்வகத்துக்கும் இதுதான் பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கருவியை விற்ற நிறுவனத்தின் ரீஏஜென்டைத்தான் (பரிசோதனை ரசாயனத்தைத்தான்) வாங்க வேண்டியிருக்கும். கருவி நின்றால் எல்லாப் பரிசோதனையும் நிற்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. முடிக்கும் நகத்துக்கும் என்று சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, பயோட்டினையே பிணைப்பாகப் பயன்படுத்தும் பரிசோதனைகளைக் குழப்பும். சில பரிசோதனைகளில் அளவைக் குறைத்துக் காட்டும், வேறு சிலவற்றில் கூட்டிக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் இதற்கு எச்சரிக்கையே விட்டது. ரத்தம் கொடுக்கும்போது மாத்திரைகளைச் சொல்லிவிடுவது நல்லது.

ரேபிட் கார்டை மட்டமாகப் பேசுவது ஆய்வக வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நைட்ரோசெல்லுலோஸ் பட்டையில் ரத்தம் ஊர்ந்து போகும், தங்கத் துகள் ஒட்டிய ஆன்டிபாடி கோடாகத் தெரியும், 15 முதல் 20 நிமிடத்தில் பதில். பல கிட்டுகளுக்குக் குளிர்பெட்டியும் தேவையில்லை. நோயாளி எழுந்து போவதற்குள் பதில் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. அருமையான எலைசா ரிப்போர்ட் தயாராகி, அதை வாங்க அவர் திரும்பி வரவேயில்லை என்றால் யாருக்கு என்ன பயன்? ஆனால் கார்டுக்கு ஒழுங்கு வேண்டும். கன்ட்ரோல் கோடு வந்தால் திரவம் சரியாக ஓடியது என்றுதான் அர்த்தம். சரியான சாம்பிளைப் போட்டோமா என்று அது சொல்லாது. குறித்த நேரத்தில் மங்கலான கோடு வந்தாலும் அது கோடுதான். நேரம் கடந்தபின் தெரியும் கோட்டை நம்பக் கூடாது.

கார்டு பின்தங்கும் இடம் தொற்றின் ஆரம்ப நாட்கள். எச்ஐவியில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தரும் கணக்குப்படி, ஆன்டிபாடியை மட்டும் தேடும் பரிசோதனைகள் தொற்றிலிருந்து 23 முதல் 90 நாளில் கண்டுபிடிக்கும். நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் பி24 என்ற வைரஸ் ஆன்டிஜெனையும் ஆன்டிபாடியையும் சேர்த்துத் தேடும் ஆய்வகப் பரிசோதனைக்கு 18 முதல் 45 நாள். மரபணுவைத் தேடும் பரிசோதனைக்கு 10 முதல் 33 நாள். போன வாரம் நடந்த ஒன்றுக்காகப் பயந்து வந்தவருக்குக் கார்டு நெகட்டிவ் என்று காட்டினால், அந்த நெகட்டிவுக்கு மதிப்பு கிடையாது. அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, மறுபடி வர வேண்டிய தேதியைக் குறித்துக் கொடுக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் பொய்யான பாசிட்டிவ். ஒரு பரிசோதனையின் ஸ்பெசிஃபிசிட்டி, அதாவது நோயில்லாதவரைச் சரியாக நெகட்டிவ் என்று காட்டும் திறன், 99.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க அற்புதமாக இருக்கிறது. 10,000 பேரில் 10 பேருக்குத்தான் நோய் இருக்கிறது என்றால், நோயில்லாத 9,990 பேரில் சுமார் 50 பேருக்குப் பாசிட்டிவ் வரும். பரிசோதனை உண்மையான 10 பேரையும் பிடித்தாலும், பாசிட்டிவ் வந்த 60 பேரில் 50 பேர் நலமானவர்கள். ஆகவே முதல் பாசிட்டிவை வைத்து யாரிடமும் ‘உங்களுக்கு நோய்’ என்று சொல்வது கொடுமை.

உறுதிசெய்ய வெகுகாலம் வெஸ்டர்ன் பிளாட் இருந்தது. வைரஸின் புரதங்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்து, சீரம் எவற்றோடு ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். விவரமானது, ஆனால் மெதுவானது. ஆரம்பத் தொற்றில் முடிவு சொல்லத் திணறும். எச்ஐவிக்கு சிடிசி 2014இல் அதைக் கைவிட்டது, உலக சுகாதார நிறுவனம் 2019இல் நிறுத்தச் சொன்னது. அதற்குப் பதிலாக வெவ்வேறு கிட்டுகளில் அடுத்தடுத்து மூன்று முறை பாசிட்டிவ் வந்தால் மட்டுமே எச்ஐவி என்று முடிவு செய்யச் சொல்கிறது. கிட்டுகள் வெவ்வேறாக இருப்பதுதான் இதில் முக்கியம். ஒரே கிட்டில் திரும்பத் திரும்பப் போட்டால் அதே ஆன்டிஜெனோடு அதே தவறான பிணைப்பு மறுபடி நடக்கும், தவறும் அப்படியே திரும்பி வரும். அப்படியும் தெளிவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்துப் புது சாம்பிள் எடுப்பார்கள். உண்மையான புதுத் தொற்று என்றால் அதற்குள் அளவு ஏறியிருக்கும். பொய்யான பாசிட்டிவ் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும், அல்லது மறைந்துவிடும்.