தேர்வுக்கு முன் மனக்காட்சிப் பயிற்சி: மூன்று ஆண்டு அனுபவம்

தொழில்முறைத் தகுதித் தேர்வு ஒன்றின் எல்லாத் தாள்களையும் எழுதி முடிக்க எனக்கு மூன்றரை ஆண்டுகள் ஆயின. முதல் தேர்வில் வினாத்தாளை வாங்கியதும் கண்கள் வரிகளின்மேல் ஓடினவே தவிர, ஒரு சொல்லும் மனத்தில் பதியவில்லை. நன்கு தெரிந்த கணக்கையே இரண்டு முறை தவறாகப் போட்டு, அடித்து, மீண்டும் எழுதி, கடைசி இரண்டு வினாக்களைத் தொடாமலேயே எழுந்து வந்தேன். பாடம் தெரியாமல் தோற்றிருந்தால் மனம் ஒருவாறு ஆறியிருக்கும். அதன் பிறகுதான் மனக்காட்சிப் பயிற்சியை, அதாவது வரப்போகும் நிகழ்வை மனத்துக்குள்ளேயே ஒத்திகை பார்ப்பதை, தொடங்கினேன். இடையிடையே சில வாரங்கள் விட்டுப்போனாலும் கடைசித் தாள் வரை அதைக் கைவிடவில்லை.

முதல் ஆறு மாதங்கள் அதைத் தவறாகவே செய்தேன். படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, தேர்ச்சிப் பட்டியலில் என் எண் இருப்பதையும் வீட்டார் முகம் மலர்வதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமையாகத்தான் இருந்தது, அந்த இனிமையிலேயே மறுநாள் காலை அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கியதும் உண்டு. உளவியல் ஆய்வாளர்கள் லியென் ஃபாம், ஷெல்லி டெய்லர் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தபோதுதான் பிழை விளங்கியது. தேர்வுக்குச் சில நாள்களுக்கு முன்பு, கல்லூரி மாணவர்களில் ஒரு சாராரை நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டதாகவும், இன்னொரு சாராரைத் தாங்கள் உட்கார்ந்து படிப்பதாகவும் கற்பனை செய்யச் சொல்லியிருந்தார்கள். படிக்கும் செயலைக் கண்டவர்களுக்கே திட்டமிடல் கூடிப் பதற்றம் குறைந்தது, மதிப்பெண்ணும் உயர்ந்தது. நான் அதுவரை பார்த்துவந்தது தேர்வை அல்ல, தேர்வு முடிந்த பிறகு வரும் நாளை.

அன்றுமுதல் முறையை மாற்றினேன். விளையாட்டு உளவியலில் ஹோம்ஸ், காலின்ஸ் இருவரும் 2001-இல் முன்வைத்த வழிகாட்டுநெறி, கற்பனை ஒத்திகை உண்மைச் செயலின் உடல்நிலை, சூழல், வேகம் ஆகியவற்றை ஒத்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே படுக்கையை விட்டு நாற்காலிக்கு வந்தேன். மேசைமேல் வெற்றுத்தாளை வைத்து, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, காலையில் பன்னிரண்டு நிமிடம் மட்டும் செய்தேன். கதவருகே நுழைவுச்சீட்டைக் காட்டுவது, நாற்காலியை இழுக்கும் ஓசை, கண்காணிப்பாளர் விதிகளை வாசிக்கும் சலிப்பான குரல், வினாத்தாளின் முதல் பக்கம் என்று எதையும் அவசரப்படுத்தாமல் கடந்து, வேண்டுமென்றே ஒரு தெரியாத வினாவுக்கு முன்னால் போய் நிற்பேன். வயிறு இறுகும், கற்பனையிலும் உண்மையாகவே இறுகும். உடனே பேனாவைக் கீழே வைத்து, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட்டு, பக்கத்தைப் புரட்டி, தெரிந்த வினா ஒன்றின் எண்ணைத் தாளில் எழுதுவேன். மூச்சை மெதுவாக வெளிவிடும்போது இதயத் துடிப்பு தணிவது உடலின் இயல்பு. என் கருத்தில் இந்தப் பயிற்சியின் பயன் முழுவதும் இந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்கு இட்டுச்செல்லும் வழி.

காட்சி தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனக்கு உருவங்கள் மங்கலாகவே தோன்றும். ஓசையும் கையின் தொடுஉணர்வும்தான் துலக்கமாக வரும். உடன் படித்த நண்பருக்கு மனத்தில் படமே எழாது. இத்தகைய நிலைக்கு நரம்பியலாளர் ஆடம் ஜெமன் குழுவினர் 2015-இல் ‘அஃபான்டேசியா’ என்று பெயரிட்டார்கள். நண்பர் அதே நிகழ்வுகளை வரிசையாக எழுதி, தினமும் வாசித்துவந்தார். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

படபடப்பு அடியோடு நீங்கிவிடும் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாம் தேர்விலும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் முன்பு ஒரு மணி நேரம் நீடித்தது பத்து நிமிடத்தில் அடங்கியது. மூன்றாம் தேர்வில் பயிற்சியே எனக்கு எதிராகத் திரும்பியது. தாளில் எழுதும் தேர்வு கணினிக்கு மாறியிருந்தது. நானோ அறிவிப்பைச் சரியாகப் படிக்காமல், மாதக்கணக்கில் பக்கங்களைப் புரட்டிப் பழகியிருந்தேன். திரையைக் கண்டதும் ஒத்திகை பார்த்த காட்சி அனைத்தும் கலைந்துபோயிற்று. அதன்பின் தேர்வின் வடிவத்தை முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டு, மூச்சையும் கை அசைவையும் மட்டும் நிலையாக வைத்து, அறையை ஒவ்வொரு நாளும் மாற்றி மாற்றிக் கற்பனை செய்தேன். வேறொரு முறை, படிப்பைக் குறைத்துப் பயிற்சியை மட்டும் நம்பிப் போனேன். துளியும் பதறாமல் தோற்றேன்.

குறைகளும் உண்டு. இரவில் செய்தால் எனக்கு உறக்கம் கலைகிறது. கற்பனையிலேயே மூச்சுத் திணறும் அளவுக்கு அச்சம் எழுபவர்கள் இதைத் தனியாகத் தொடராமல் உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் பேசுவது நல்லது.

கடைசித் தேர்வின் நடுவே, எந்தப் பாடத்திலிருந்து வந்தது என்றே பிடிபடாத வினா ஒன்று எதிர்ப்பட்டது. கணக்குப் போடக் கொடுத்திருந்த தாளின்மேல் பேனாவை வைத்துவிட்டு மூச்சை விட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதைச் சற்றுக் கழித்தே உணர்ந்தேன். அந்த வினாவுக்கு இறுதிவரை முழு விடை கிடைக்கவில்லை. மற்றவற்றை முடித்துவிட்டுத் திரும்பி வந்து, தெரிந்த பாதியை எழுதினேன்.