குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கில் ஓர் உளவியல் ஆலோசனை மையம்: சத்துவாச்சாரி அனுபவம்

என் தங்கையின் விவாகரத்து வழக்கும், அவளுடைய எட்டு வயது மகள் யாரிடம் வளர வேண்டும் என்ற மனுவும் வேலூரில் குடும்ப நல நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளன. அதனால் மையத்தின் பெயரையும் அங்குள்ள உளவியலாளரின் பெயரையும் எழுதவில்லை. சத்துவாச்சாரியில் ஒரு வீட்டின் மாடியில் இயங்கும் சிறிய இடம் அது. குடியாத்தம், அணைக்கட்டு, காட்பாடி என்று பல ஊர்களிலிருந்து இத்தகைய வழக்குகளுக்காக வாய்தா வாய்தாவாக அலையும் குடும்பங்கள், ஓர் உளவியலாளரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவைப் பார்த்துவிட்டு வரும் நாள்களில் குழந்தைக்கு வயிற்றுவலியும் தூக்கமின்மையும் வந்தன. அதற்காகத்தான் சென்றோம். கூடவே, குழந்தை தாயிடம் இருப்பதே நல்லது என்று ஒரு கடிதமும் கிடைத்தால் வழக்குக்கு உதவும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உளவியலாளர் முதல் நாளே தெளிவாக மறுத்துவிட்டார். குழந்தைக்குச் சிகிச்சை தருபவர் அவளுடைய நம்பிக்கையைப் பெற்று அவள் பக்கம் நிற்க வேண்டியவர் என்றும், யாரிடம் வளரலாம் என்று மதிப்பிடுபவர் இரு தரப்பையும் சம தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவர் என்றும், இரண்டையும் ஒருவரே செய்தால் இரண்டுமே கெட்டுவிடும் என்றும் விளக்கினார். மதிப்பீடு தேவையென்றால் நீதிமன்றத்திடம் கேட்கும்படி சொன்னார். 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அத்தகைய வல்லுநர்களின் உதவியைப் பெற நீதிமன்றத்துக்கு வழிவகுக்கிறது.

இந்த மறுப்பின் மதிப்பு, இதற்கு முன் நாங்கள் போன வேறோர் இடத்தோடு ஒப்பிட்டபோதுதான் புரிந்தது. அங்கே குழந்தையை அரை மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டு, தந்தையை ஒருமுறைகூடச் சந்திக்காமல், அவர் குழந்தை வளர்க்கத் தகுதியற்றவர் என்று எழுதித் தர முன்வந்தார்கள். பார்க்காத மனிதரின் மனத்தைப் பற்றிச் சான்று தருவது தொழில் நெறிக்கு நேர் எதிரானது. குறுக்கு விசாரணையில் அந்தக் காகிதம் ஒரு நிமிடம்கூட நிற்காது என்று எங்கள் வக்கீலும் சொன்னார்.

குழந்தையோடு நடந்த முதல் பேச்சின்போது நாங்களும் அறையில் இருந்தோம். "நான் சொல்றத அப்பாகிட்ட சொல்லிடுவீங்களா ஆன்ட்டி?" என்று அவள் கேட்டாள். "எல்லாத்தையும் சொல்ல மாட்டேன் கண்ணு. ஆனா உன்ன யாராவது கஷ்டப்படுத்துறாங்கன்னு தெரிஞ்சா, அத நான் மறைக்க முடியாது. யாருகிட்ட சொல்லப் போறேன்னு மொதல்ல உன்கிட்ட சொல்லுவேன்" என்றார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருந்தால் குழந்தை உடனே மனம் திறந்திருப்பாள். ஆனால் அது காப்பாற்ற முடியாத வாக்கு. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் உளவியலாளரும் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். நீதிமன்றம் அனுப்பும் ஆலோசகரிடம் பேசுவதற்கு வேறொரு வரம்பும் உண்டு. சமரசப் பேச்சுக்குரிய ரகசியக் காப்பு, குழந்தையின் பராமரிப்பு வழக்கில் ஆலோசகர் தரும் அறிக்கைக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்துள்ளது. இவற்றையெல்லாம் சிகிச்சை தொடங்குமுன் எங்களுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

குழந்தை வரைந்த ஒரு படத்தில் அப்பா தாளின் ஓரத்தில் தனியாக நின்றிருந்தார். அதை வழக்கில் காட்டலாமா என்று என் தங்கை ஆவலோடு கேட்டாள். ஒரு படத்தை வைத்து ஒரு உறவைத் தீர்மானிக்க முடியாது என்று சொல்லி, படத்தைக் குழந்தையின் கோப்பிலேயே வைத்துவிட்டார் உளவியலாளர். தங்கைக்கு வருத்தம்தான், எனக்கு அவர் மீது மரியாதை கூடியது.

அதைவிடக் கடினமான கட்டம் பிறகு வந்தது. குழந்தை அப்பாவிடம் போக மறுப்பதற்குத் தாய் வீட்டாரின் தூண்டுதலே காரணம் என்று எதிர்த்தரப்பு மனுவில் சொல்லியிருந்தது. ரிச்சர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1985-இல் இதற்கு ஒரு நோய்ப் பெயரே சூட்டினார். ஆனால் 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலில் அது ஒரு நோயாக இடம்பெறவில்லை. நம் உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒரு தீர்ப்பில் அதைக் குறிப்பிட்டதால் வக்கீல்கள் அடிக்கடி எடுத்தாள்கிறார்கள். உண்மையான பயத்தினாலும் குழந்தை மறுக்கலாம், பெரியவர்கள் ஓதியதாலும் மறுக்கலாம். தவறாகக் கணித்தால், ஒரு பக்கம் பயந்த குழந்தையைக் கட்டாயப்படுத்தி அனுப்பியதாகும். மறுபக்கம் குற்றமற்ற தந்தையைப் பிரித்ததாகும். உளவியலாளர் எந்தப் பெயரையும் ஒட்டாமல், வெவ்வேறு நாள்களில் குழந்தையிடம் பொறுமையாகப் பேசினார். கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு? சில புகார்களை எங்கள் வீட்டுப் பெரியவர்களின் வார்த்தைகளிலேயே குழந்தை சொல்வதைச் சுட்டிக்காட்டி, அவள் முன்னால் வழக்கைப் பற்றிப் பேசுவதை நிறுத்தச் சொன்னார். தந்தைக்கும் தனியாக நேரம் ஒதுக்கினார். அவர் வந்து பேசினார். அங்கே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வயிற்றுவலி இப்போது பெருமளவு குறைந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் வரி வரியாகத் தமிழில் விளக்கினாலும், கையெழுத்திடுபவர் தானே படித்துப் பார்க்கும்படி தமிழ்ப் படிவம் இருந்தே ஆக வேண்டும். காத்திருக்கும் இடம் குறுகலானது. ஒரே நாளில் தாயும் தந்தையும் வந்தால் நேருக்கு நேர் நிற்க வேண்டிவரும் என்பதால் வெவ்வேறு நாள்களாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குச் சற்றுக் கனம்தான். போகும் இடம் எதுவானாலும், மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இங்கே அது சுவரிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. அடுத்த வாய்தாவுக்குள் ஒரு கடிதம் வேண்டும் என்ற எண்ணத்தோடு வருபவர்களுக்கு இந்த மையம் உதவாது. குழந்தை நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று வருபவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.