வடக்கே ஒப்பந்த வேலைக்குப் போகும் தாதியருக்கு: 6,480 டொலரை இழந்தபின் எழுதும் எச்சரிக்கை

நேற்று மாலை வந்த மின்னஞ்சலைப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. "தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியில், எனக்குச் சேரவேண்டிய 6,480 கனடிய டொலரைத் தரமுடியாது என்று, தாதியரை ஒப்பந்த அடிப்படையில் கனடாவின் வடக்கே அனுப்பும் ஒரு முகவர் நிறுவனம் அறிவித்துவிட்டது. அதன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ரொறன்ரோப் பக்கம் இயங்குவது, தமிழ் பேசும் ஒருங்கிணைப்பாளர்களை வைத்திருப்பது என்று மட்டும் சொல்கிறேன். இந்த வேலைக்குப் போக எண்ணும் தாதியர் நம்மவரிடையே பலர் இருப்பதால், எதையெதைக் கவனிக்கவேண்டும் என்பதையும் முடிவில் விவரமாக எழுதுகிறேன்.

நான் போன இடம் கனடாவின் வடகோடிப் பிரதேசமான நுனாவுட்டில், பாஃபின் தீவின் வடபகுதியில் உள்ள பொண்ட் இன்லெற். ஏறத்தாழ 1,500 பேர் வாழும், வடதுருவப் பகுதியின் பூர்வீகக் குடிகளான இனுயிட் மக்களின் ஊர். நுனாவுட்டின் 25 ஊர்களில் எதற்கும் இன்னோர் ஊரிலிருந்து வீதி கிடையாது. கோடையில் பனிக்கட்டி விலகியபின் சரக்குக் கப்பல் வரும். மற்றபடி ஆளும் மருந்தும் மரக்கறியும் விமானத்தில்தான் வந்து சேரவேண்டும். நவம்பர் நடுப்பகுதியில் மறையும் சூரியன் ஜனவரி முடிவில்தான் மறுபடி தலைகாட்டும். இவை எல்லாம் தெரிந்துதான் ஜனவரியில் தொடங்கும் 42 நாள் ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொண்டேன். குளிரும் இருளும் என்னை ஏமாற்றவில்லை.

ஒப்பந்தப் படிவத்தில், எல்லா நாட்களையும் முழுமையாக நிறைவேற்றுபவருக்கே 4,500 டொலர் நிறைவுக் கொடுப்பனவு உண்டு என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோதே மனம் இடறியது. வானிலையால் விமானம் தாமதமானால் என்ன ஆகும் என்று ஒருங்கிணைப்பாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். "அக்கா, அந்த வரி சும்மா சட்டத்துக்காகப் போடுறது. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் நாங்கள் வெட்டினதில்லை. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, நான் இருக்கிறன்தானே" என்றார் அவர். நம் ஊர்ப் பேச்சு, அக்கா என்ற அழைப்பு, பேச்சினிடையே என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய விசாரிப்பு. பதினேழு ஆண்டுகளாக மருந்தின் அளவைக்கூட இரண்டு தடவை சரிபார்த்தே கொடுக்கும் நான், அந்த உறுதிமொழியை எழுத்தில் தரும்படி கேட்கக் கூச்சப்பட்டேன். அந்த இடத்தில்தான் 6,480 டொலர் என் கையைவிட்டுப் போயிற்று.

ஒட்டாவாவிலிருந்து மூன்று மணி நேரப் பறப்பில் நுனாவுட்டின் தலைநகரான இக்காலுவிட்டை அடைந்தேன். மறுநாள் வடக்கே போகவேண்டிய விமானம் பனிப்புயலால் நின்றுவிட்டது. அடுத்த நாளும் அதே கதை, அதற்கடுத்த நாளும் அதே கதை. விடுதியில் மூன்று இரவுகளுக்கு 1,080 டொலரை என் அட்டையில் செலுத்திவிட்டு, பயத்தோடு அவரை அழைத்தேன். "பனிப்புயலுக்கு நீங்கள் என்ன செய்வீங்கள் அக்கா? அந்த மூண்டு நாளும் கணக்கிலை வரும். ஹொட்டல் பில்லை மட்டும் கவனமா எடுத்து வையுங்கோ" என்றார். நான் நிம்மதியாக உறங்கினேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

ஊரிலோ, சுகாதார நிலையத்திலோ எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நிரந்தரமாகத் தங்கும் மருத்துவர் இல்லாததால், பகலில் வருவோரைப் பார்ப்பதும், இரவில் அழைப்பு வந்தால் எழுந்து ஓடுவதும், மருத்துவரிடம் தொலைபேசியில் ஆலோசனை கேட்டுச் சிகிச்சை தொடங்குவதும், காசநோய் மாத்திரையை நோயாளி விழுங்கும்வரை கூட இருந்து பார்ப்பதும் எல்லாம் தாதியரின் பொறுப்பு. ஊர் மக்களிடம் கேள்வி கேட்டால் வாய் திறக்காமல் புருவத்தை உயர்த்துவார்கள், அது ஆம். மூக்கைச் சுருக்கினால் இல்லை. முதல் இரண்டு நாட்கள் நான் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றேன், அவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்கள். வீட்டுத் தொட்டிக்கு வண்டியில்தான் தண்ணீர் வரும் என்பதால், புயல் நாட்களில் குளிக்காமல் சேமித்தோம். கடுமையான நோயாளியை இக்காலுவிட்டுக்கு அனுப்பவேண்டிய இரவுகளில் விமானம் இறங்குமா என்று வானத்தைப் பார்த்தபடி அருகிலேயே விடியும்வரை இருந்திருக்கிறேன். அங்கே எல்லாரும் வானிலையைக் கணக்கில் வைத்தே வாழ்கிறார்கள். ஜனவரியில் பாஃபின் தீவுக்கு ஆள் அனுப்புகிற நிறுவனத்துக்கு விமானம் தடைப்படும் என்பது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒப்பந்தம் முடியும் வாரத்தில், தவறிய மூன்று நாட்களையும் கூடுதலாக நின்று ஈடுசெய்ய நான் முன்வந்தேன். ஆட்பற்றாக்குறை இருந்ததால் சுகாதார நிலையப் பொறுப்புத் தாதியும் மகிழ்ந்து சம்மதித்தார். தடுத்தவர் என் ஒருங்கிணைப்பாளர்தான். "ரிக்கெற் மாத்தினால் வீண் செலவு அக்கா. நாள் கணக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு, வடிவா முடிச்சிட்டு வாங்கோ" என்றார். நான் வந்துவிட்டேன்.

வந்தபின் 39 நாள் சம்பளம் மட்டும் வந்தது. 4,500 டொலர் நிறைவுக் கொடுப்பனவு இல்லை. விடுதிக்கான 1,080 இல்லை. அரிசி, பருப்பு, கறித்தூள், பால்மா நிறைத்த இரண்டு பெட்டிகளுக்கான 420 டொலர் சரக்குக் கட்டணமும், நுனாவுட்டில் தாதியாகப் பதிவு பெற நான் செலவிட்ட 480 டொலரும் திருப்பித் தரப்படும் என்று சொல்லியிருந்தார்கள், அவையும் இல்லை. கூட்டினால் 6,480 டொலர்.

அழைத்தேன். என்னை அக்கா என்றவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. நான்காவது நாள் வேறொருவர் எடுத்து, அவர் இப்போது வேறு பிரிவில் இருக்கிறார் என்றார். கணக்குப் பிரிவுக்கு எழுதினேன். ஐந்து வேலை நாட்களில் பதில் வரும் என்று தானியங்கி மின்னஞ்சல் வந்தது, பதில் வரவில்லை. மறுபடி எழுதியபோது, மூன்று நாட்கள் குறைவு என்பதால் ஒப்பந்தம் நிறைவேறவில்லை என்றார்கள். ஒருங்கிணைப்பாளர் சொன்னதைச் சொன்னேன். "அப்படி ஒரு உரையாடல் எங்கள் பதிவில் இல்லை." விடுதிப் பற்றுச்சீட்டை அனுப்பினேன். வானிலைச் செலவு நிறுவனத்தின் பொறுப்பல்ல என்றார்கள். எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்கவைத்தது அடுத்த அழைப்பு. ஏப்ரலில் இன்னோர் ஊருக்கு ஆள் தேவை, அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் பழைய தொகையைப் பற்றி மேலிடத்தில் பேசிப்பார்க்கலாம் என்றார்கள். உழைத்த பணத்தைப் பெற மறுபடியும் உழைக்கவேண்டுமாம்! மறுத்தேன். அதன்பின் வந்ததுதான் நேற்றைய ஒற்றை வரி.

விவரமாக அறிவுரை எழுதுவதாகத் தொடங்கினேன். இப்போது அதற்கான பொறுமை எனக்கு இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். தொலைபேசியில் எவர் எதைச் சொன்னாலும், எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, சரி என்ற பதிலை வாங்குங்கள். "வானிலையால் இழந்த நாட்கள் பணி நாட்களாகவே கொள்ளப்படும்" என்ற வாசகம் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். இக்காலுவிட்டில் சிக்கிக்கொண்டால் விடுதிச் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ஒன்ராறியோவில் 2024 யூலை 1 முதல் இவ்வகை முகவர் நிறுவனங்களுக்கு உரிமம் கட்டாயம். தொழில் அமைச்சின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், நான் பார்க்கவில்லை. நிறைவுக் கொடுப்பனவு என்று பெரிய தொகையைக் காட்டி நாட்சம்பளத்தைக் குறைத்தால் போகாதீர்கள்.

என் விமானச் சீட்டுகள், புயல் நாட்களின் ரத்து அறிவிப்புகள், விடுதிப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் இன்று காலை ஒரு கோப்பில் அடுக்கிவிட்டேன். திங்கட்கிழமை சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கப் போகிறேன். இதே குரலிடம் இதே வாக்குறுதியைப் பெற்று ஏமாந்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால், உங்கள் பற்றுச்சீட்டுகளைத் தூக்கி எறியாமல் எனக்கு எழுதுங்கள்.