புதுச்சேரியில் இத்தாலியச் சாப்பாடு: மூன்று வாரம், ஏழு கடைகள், ஒரு தட்டு நெத்திலி

இத்தாலியின் ஜெனோவா துறைமுக நகரத்தில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த ஜனவரியில் மூன்று வாரம் புதுச்சேரிக்கு வந்திருந்தேன். வந்த மறுநாளே அக்கா மகன் பிடித்துக்கொண்டான். "சித்தி, நீங்கள் அங்கே சாப்பிடுகிற பாஸ்தா இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்?" ஊருக்கு வந்தால் மீன்குழம்பும் அம்மா கையால் வைத்த ரசமும் போதும் என்றிருந்தவளை அந்தக் கேள்வி தெருத்தெருவாக நடக்க வைத்தது. அக்கா வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஏழு கடைகளில் சாப்பிட்டோம். கடைகளின் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. சமையல்காரர் மாறினால் தட்டும் மாறிவிடும். எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதல் மூன்று கடைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளை சாஸ், சிவப்பு சாஸ், இரண்டையும் கலந்த ரோஜா நிற சாஸ். இத்தாலியில் யாரும் பாஸ்தாவை நிறம் சொல்லிக் கேட்பதில்லை. ஒவ்வொரு சாஸுக்கும் ஓர் ஊர் இருக்கிறது, அதற்கென்று ஒரு பாஸ்தா வடிவம் இருக்கிறது. அந்த மூன்று கடைகளிலும் நூடுல்ஸ், பர்கர், பிரியாணி எல்லாம் ஒரே உணவுப் பட்டியல் அட்டையில் இருந்தன. சொன்ன நான்கு நிமிடத்தில் பாஸ்தா மேசைக்கு வந்துவிட்டது. உலர்ந்த பாஸ்தா வேகவே பத்து நிமிடம் ஆகும். அப்படியென்றால் காலையில் வேகவைத்து எண்ணெய் தடவி வைத்ததைத்தான் சூடுபடுத்திக் கொடுக்கிறார்கள். வாயில் வைத்ததும் குழைந்துவிட்டது.

பாஸ்தாவுக்கு வேண்டிய சரியான வேக்காட்டை அக்காவுக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு நொடிதான் ஆனது. தம் போடுவதற்கு முன் பிரியாணி அரிசியை முக்கால் பதத்தில் வடிப்போமே, அதுதான். பல் படும்போது நடுவில் ஒரு சிறு உறுதி இருக்க வேண்டும். டியூரம் என்ற கடினக் கோதுமையின் ரவையில் செய்த பாஸ்தாவால்தான் அந்தப் பதத்தில் நிற்க முடியும். இத்தாலியில் உலர்ந்த பாஸ்தாவை அந்த ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967 முதல் சட்டமே இருக்கிறது. மைதா பாஸ்தாவை எத்தனை கவனமாக வேகவைத்தாலும் பசையாகத்தான் முடியும்.

அடுத்துப் போக நினைத்த ஒரு கடைக்கு முன்கூட்டியே போன் செய்து ஒரே கேள்வி கேட்டேன்: "கார்போனாராவில் கிரீம் சேர்ப்பீர்களா?" நிறைய சேர்ப்போம் என்று பெருமையாகப் பதில் வந்தது. ரோம் நகரத்துக் கார்போனாராவில் கிரீம் கிடையாது. பன்றியின் கன்னப் பகுதியை உப்பிட்டு உலர்த்திய இறைச்சி, முட்டை, செம்மறியாட்டுப் பாலில் செய்த பெக்கொரினோ சீஸ், மிளகு, அவ்வளவுதான். பாஸ்தாவின் சூட்டிலேயே முட்டை திரளாமல் கெட்டிப்பட்டுக் கூழ்போல் ஒட்டிக்கொள்ளும். அது கைப்பக்குவம். அந்தப் பக்குவம் இல்லாத இடத்தில்தான் கிரீம் வந்து உட்கார்கிறது. அந்தக் கன்ன இறைச்சி இங்கே கிடைக்காததில் எனக்குக் குறையில்லை, நல்ல பேக்கன் இருந்தால் போதும். ஆனால் கிரீமும் கோழியும் போட்டுவிட்டு அதே பெயரை வைப்பது ரோமாபுரிக்காரர்களுக்கும் சாப்பிட வருகிறவர்களுக்கும் செய்கிற அநியாயம். அங்கே நாங்கள் போகவில்லை. இந்த ஒரு கேள்வி எங்களுக்கு ஒரு மாலைப் பொழுதை மிச்சப்படுத்தியது.

பீட்சா பக்கம் நிலைமை எவ்வளவோ மேல். ஆரோவிலை நோக்கிப் போகும் வழியில் விறகடுப்பு வைத்திருக்கும் கடை ஒன்றில் தக்காளியும் மொசரெல்லா சீஸும் போட்ட மார்கரீட்டா பீட்சா வாங்கினோம். 450 ரூபாய். நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் பாரம்பரியச் சிறப்பு உணவு என்ற முத்திரை கொடுத்தது. விட்டம் 35 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, சுமார் 485 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 60 முதல் 90 விநாடி, ஓரம் உப்பி அங்கங்கே கருகிய புள்ளிகள். 2017இல் அந்தப் பீட்சா செய்யும் கலையையே யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இங்கே அடுப்பு அந்தச் சூட்டுக்கு வரவில்லை, மூன்று நிமிடம் பிடித்தது. ஆனால் மாவு முந்தின நாளே பிசைந்து புளிக்க வைத்தது. பிய்த்துப் பார்த்தாலே தெரிந்தது. தக்காளியில் சர்க்கரை இல்லை. மேலே போட்டிருந்த மொசரெல்லா அந்த வாரம் ஆரோவிலில் செய்தது. உலகத்திலேயே அதிகமாக எருமைப்பால் கறக்கும் நாடு இந்தியா, இத்தாலியின் சிறந்த மொசரெல்லாவோ எருமைப்பாலில் செய்வது. இந்த இரண்டையும் சேர்க்க நம் ஊரில் இன்னும் பல பேர் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சில விவரங்கள். சனி, ஞாயிறு மாலைகளில் சென்னையும் பெங்களூருமே இங்கே வந்துவிடுகின்றன. முன்பதிவு இல்லாமல் வெள்ளை நகரப் பகுதியில் ஒரு மணி நேரம் நின்றோம். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், வயதானவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் நடக்கும் தூரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் யுபிஐதான். எனக்கு இந்திய வங்கிக் கணக்கு இல்லாததால் ரொக்கம் வைத்திருந்தேன், இரண்டு இடங்களில் சில்லறைக்கு அலைந்தார்கள்.

ஒரு கடையில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணத்தைத் தாங்களாகவே பில்லில் சேர்த்திருந்தார்கள். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பணிவாகச் சொன்னதும் எடுத்துவிட்டார்கள். பரிமாறிய பையனுக்குக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் உழைப்புக்கு உரியது அவனிடமே சேரட்டும்.

என் உண்மையான வருத்தம் வேறு. ஐந்து கடை முடிந்தபோது அம்மா கேட்டார்: "கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு ஏன் யாருமே மீன் போடவில்லை?" அட்டையைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நார்வே சால்மன் இருந்தது, கிரீமில் போட்ட இறால் இருந்தது. குபேர் அங்காடியில் காலையில் குவிந்து கிடக்கும் நெத்திலியும் மட்டியும் கணவாயும் எங்குமே இல்லை. நான் வாழும் லிகூரியா கடற்கரையின் சாப்பாடே நெத்திலிதான். முள்ளை உருவி எலுமிச்சைச் சாற்றில் ஊற வைப்பார்கள், உள்ளே பூரணம் வைத்துப் பொரிப்பார்கள், உப்பில் அடுக்கி ஆண்டு முழுவதும் வைத்திருப்பார்கள். அங்கே உள்ள கடைக்காரர் காலையில் படகு கொண்டுவந்ததைப் பார்த்துத்தான் மதியம் என்ன சமைப்பது என்று முடிவு செய்வார். கடலோர நகரத்து இத்தாலியக் கடைக்கு இதைவிட வேறு அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் ஒரு நாள் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போனோம். அரிக்கமேட்டில் கிடைத்த ஓட்டுச் சில்லுகள் கண்ணாடிக்குள் இருந்தன. 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர் வகையைச் சேர்ந்த சிவப்புத் தட்டுகளின் துண்டுகளும், திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்த சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. நகரத்திலிருந்து சில கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தாலியத் தட்டில் யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள். அதில் நம் கடல் மீனும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

ஏழாவது கடை ஒரு சந்துக்குள், ஆறே மேசை. அட்டை ஒரே பக்கம், அதிலும் கீழே மூன்று வரி கையால் எழுதியது. சமையல்காரர் கடலூர்ப் பக்கத்துக்காரர், கப்பலில் பல ஆண்டுகள் இத்தாலியர்களோடு சமைத்தவர். மீன்பிடித் தடை நடக்கும் ஏப்ரல் 15 முதல் 61 நாட்களுக்குப் பெரிய மீன்களை அட்டையிலிருந்தே எடுத்துவிடுவாராம். கட்டுமரத்திலும் சிறு படகிலும் கிடைப்பது மட்டும்தான் அப்போது.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை சைவம். பேசில் இலை, கொட்டை, சீஸ், எண்ணெய் சேர்த்து அரைக்கும் பெஸ்தோ சாஸ் போட்ட பாஸ்தா கேட்டோம். அவரே வெளியே வந்து சொன்னார்: "பார்மிஜானோ சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறைய வைப்பது, அம்மாவுக்கு அது வேண்டாம், சைவ உறைபொருளில் செய்த சீஸ் போடுகிறேன்." ஆறு கடைகளில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. பைன் கொட்டைக்குப் பதில் பண்ருட்டி முந்திரி போடுவதை அட்டையிலேயே எழுதியிருந்தார். பேசில் இலை அவர் மாடியில் வளர்த்தது. ஜெனோவாவில் செய்வதுபோல் பாஸ்தாவோடு உருளைக்கிழங்கும் பீன்ஸும் ஒரே பானையில் வெந்து வந்தன. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை முகர்ந்து பார்த்தார். "இது திருநீற்றுப்பச்சிலை வாசனை அல்லவா?" ஆம், அதே இனம்தான். எங்கள் ஊர்ப் பிரா பகுதியில் வளரும் இலையைவிடக் காரம் சற்றுக் கூடுதல், நிறமும் கொஞ்சம் கறுத்திருந்தது. சொல்லிவிட்டுச் செய்த மாற்றம் எதுவும் எனக்குக் குறையாகப் படவில்லை.

எங்கள் மூவருக்கும் அன்று காலை வந்த நெத்திலி. நடுவே பிளந்து முள் எடுத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, மேலே எலுமிச்சை மட்டும். மட்டி போட்ட ஸ்பகெட்டியும் வந்தது. அக்கா மகன் சீஸ் கேட்டான். மீனோடு சீஸ் வேண்டாம் தம்பி, முதலில் அப்படியே சாப்பிட்டுப் பார் என்றார் சமையல்காரர். அவன் மறுபடி கேட்கவே இல்லை. நான்கு பேருக்கும் சேர்த்து 2,300 ரூபாய் ஆனது. சேவைக் கட்டணம் இல்லை. போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போன் செய்து இன்று என்ன மீன் என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் அன்றே போங்கள்.

திரும்புவதற்கு முந்தின நாள் அம்மா அங்காடியிலிருந்து அரைக் கிலோ நெத்திலி வாங்கி வந்தார். அந்தச் சமையல்காரர் சொல்லிக் கொடுத்தபடி கட்டைவிரலால் தலையிலிருந்து வால் வரை ஒரே இழுப்பில் பிளந்தார். நான் கொண்டுவந்திருந்த ஆலிவ் எண்ணெய் அலமாரியில் திறக்காமல் இருந்தது. "அதைக் கொடு" என்று கையை நீட்டினார்.