சமவெளி க்ரீ எழுத்துமாற்றி: ‘ஹ்க்’ எழுத்துக்கு முழு மதிப்பெண்

கனடாவின் பழங்குடி மொழிகளில் ஒன்றான சமவெளி க்ரீக்கு இரண்டு எழுத்துமுறைகள். ரோமன் எழுத்து (சுருக்கமாக எஸ்ஆர்ஓ) ஒன்று, முக்கோணமும் கொக்கியுமாக வரும் அசையெழுத்து (சிலாபிக்ஸ்) இன்னொன்று. இவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தரும் இலவச பைதான் லைப்ரரிதான் ‘க்ரீ எஸ்ஆர்ஓ சிலாபிக்ஸ்’. நிறுவ, பைதானின் நிறுவல் கருவியான பிப்பில் ஒரு கட்டளை போதும். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இணையப் பக்கமாகவும் கிடைக்கிறது.

இதன் தரத்தை ஒரே ஓர் எழுத்தை வைத்துப் பார்த்துவிடலாம். சொல்லின் கடைசியில் ‘ஹ்க்’ ஒலிக்கு க்ரீயில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி வரும். எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடில் அந்த உருவத்துக்கு மூன்று எண்கள் உண்டு (பத்தடிமானத்தில் சொல்கிறேன்): 5501 ‘ஹ்க்’, 5441 சயிசி டெனே என்ற இன்னொரு பழங்குடி மக்களின் ‘யி’, 5741 கிறிஸ்துவின் பெயரைச் சுருக்கி எழுதும் குறி. நம் ‘எ’வும் தமிழ் எண் ஏழும் போலத்தான், கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. இடத்தைச் சொல்லும் ‘இஹ்க்’ விகுதி க்ரீயில் அடிக்கடி வரும் என்பதால், எண் மாறினால் ஊர்ப்பெயர்கள் தேடலில் சிக்காது. இந்த லைப்ரரி தப்பாமல் 5501-ஐத்தான் போடுகிறது. எட்மன்டனின் ‘மஸ்கேகோசிஹ்க் ட்ரெய்ல்’ என்ற சாலைப் பெயரைக் கொடுத்தால், முதல் சொல்லை மாற்றிவிட்டு ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டுவிடும்.

ஆனால் லைப்ரரி மொழியை அடையாளம் கண்டு அப்படி விடுவதில்லை. எழுத்து வரிசை க்ரீக்குப் பொருந்துகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. ‘கேன்’ (can) போன்ற குட்டி ஆங்கிலச் சொற்கள் இதில் மாட்டிக்கொள்ளும். கலப்பு மொழிக் கோப்பு என்றால் க்ரீப் பகுதியை மட்டும் பிரித்துக் கொடுங்கள்.

ஏற்கெனவே தட்டிவைத்த அசையெழுத்தை ரோமனுக்குத் திருப்பும்போதுதான் வேலை அதிகம். ‘வ’ என்பதைச் சிலர் 5144 என்ற ஒரே குறியாகத் தட்டியிருப்பார்கள், சிலர் ‘அ’ (5130) போட்டுப் பக்கத்தில் நடுப்புள்ளி (5159) வைத்திருப்பார்கள். என்எஃப்சி (யூனிகோடின் ஒருசீராக்கும் முறை) செய்தால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். யூனிகோடில் இந்த இரண்டுக்கும் முடிச்சே போடவில்லை. லைப்ரரி இரண்டையும் ‘வ’ என்றே படித்துக்கொள்வது பெரிய உதவி. ‘ஹ்க்’ வர வேண்டிய இடத்தில் தவறாகத் தட்டிய 5441-ஐ மட்டும் முன்கூட்டியே 5501 ஆக மாற்றிவிடுவது நல்லது. கோப்பில் டெனே வரிகள் கலந்திருந்தால் இதைச் செய்யக்கூடாது, அங்கே அது உண்மையிலேயே ‘யி’.

நெடில் விஷயத்தில் எந்தக் கருவியாலும் ஒன்றும் செய்ய முடியாது. நெடிலைக் காட்டும் மேல்புள்ளியை விட்டுவிட்டு எழுதுவது க்ரீயில் சாதாரணம். அப்படிப்பட்ட உரையைத் திருப்பினால் எல்லாம் குறிலாக வரும். ‘ஏ’ மட்டும் தப்பிக்கும், அதற்குப் புள்ளியே கிடையாது. மற்றதை மொழி தெரிந்தவர் அகராதியோடு உட்கார்ந்துதான் சரிபார்க்க வேண்டும்.

எனக்கு உடன்பாடில்லாதது சிறுகோட்டை (ஹைபன்) லைப்ரரி கையாளும் விதம். சொற்களுக்கு நடுவில் வரும் சிறுகோட்டுக்குப் பதில், முறியாத குறுகிய இடைவெளி (8239) ஒன்றை இயல்பாகவே போடுகிறது. அச்சில் பார்க்க அழகு. தேடுபவரோ சாதாரண இடைவெளியைத்தான் தட்டுவார், ஒன்றும் கிடைக்காது. அமைப்பில் சாதாரண இடைவெளிக்கு மாற்றலாம், ஆனால் பிறகு ரோமனுக்குத் திருப்பினால் சிறுகோடு எங்கே இருந்தது என்பது போய்விடும். தரவுத்தளத்தில் 8239-ஐயே வைத்துக்கொண்டு, தேடல் அட்டவணைக்கு மட்டும் சாதாரண இடைவெளியாக்கித் தருவது மேல்.

விண்டோஸ் 8 முதல் வரும் கடூகி எழுத்துருவில் க்ரீ அசையெழுத்துகள் உள்ளன. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் முதலில் எழுத்துருவைப் பாருங்கள். எண் சரிதானா என்று பைதானின் ‘ஆர்ட்’ (ord) கட்டளை ஒரு வரியில் சொல்லிவிடும்.