ஆர்.எஸ். புரத்தில் ராமென்: நான்கு கடைகள், நான்கு சாறுகள்

சாற்றில் நூடுல்ஸ் இட்டுத் தரும் ஜப்பானிய உணவான ராமென் என்ற சொல்லைக் கோவையில் பெரும்பாலோர் முதன்முதலில் அறிந்தது மளிகைக்கடை வாசலில் தொங்கிய டாப் ராமென் உடனடி நூடுல்ஸ் பொட்டலத்தின் வழியாகத்தான். அந்தப் பழக்கத்தினால், உணவகத்து அட்டையில் அதே சொல்லின் எதிரே 400 ரூபாய் என்று கண்டவுடன் பலருக்கும் கோபம் வருகிறது. அந்தக் கோபம் எங்கே நியாயம், எங்கே நியாயமில்லை என்று பார்ப்பதற்காகவே ஆர்.எஸ். புரத்தில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள நான்கு கடைகளுக்குக் கடந்த மூன்று மாதங்களில் தலா இரண்டு முறையாவது சென்று வந்தேன். கடைகளின் பெயரை இங்கே எழுதவில்லை. நம் ஊரில் இத்தகைய கடைகளின் சமையற்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிறார்கள். அவர்களோடு சுவையும் மாறிவிடுவதால் பெயர்ப்பலகையைப் பாராட்டுவதிலோ பழிப்பதிலோ பொருளில்லை.

என் அளவுகோல் எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்ப் தயாரிக்கும் நிறுவனமொன்றில் வேலை பார்த்த காலத்தில், பயிற்சிக்காக ஏழு மாதங்கள் ஜப்பானின் யோகோஹாமாவில் தங்கியிருந்தேன். அங்கே 1994-இல் திறக்கப்பட்ட ராமென் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில் 1958-ஆம் ஆண்டின் தெரு ஒன்றை அப்படியே கட்டி, அதில் பல ஊர்களின் ராமென் கடைகளை வைத்திருக்கிறார்கள். மோமொஃபுகு ஆண்டோ உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்த ஆண்டும் அதுவே. விடுமுறை நாள்களில் அங்கும், இரயில் நிலையத்தை ஒட்டிய சிறிய கடைகளிலும் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் எப்படி உண்கிறார் என்று கவனித்துக் கற்றுக்கொண்டதுதான் என் அறிவு முழுவதும். கிண்ணம் வந்தவுடன் பெரும்பாலோர் முதலில் கரண்டியால் சாற்றைத்தான் குடித்துப் பார்த்தார்கள். மேலே அடுக்கியிருந்த இறைச்சியையும் முட்டையையும் அதன் பிறகே தொட்டார்கள்.

இந்த வரிசையில் காரணம் இருக்கிறது. ராமெனில் சாறு ஒரு வேலை, தாரே எனப்படும் சுவைக்கூட்டு மற்றொரு வேலை, நூடுல்ஸ் மூன்றாவது வேலை. எலும்பிலிருந்தோ கடற்பாசியிலிருந்தோ இறக்கிய சாற்றில் உப்பு இருக்காது. சோயா சாறு சேர்ந்த ஷோயு, உப்பு அடிப்படையிலான ஷியோ, நொதித்த சோயா விழுதான மிசோ ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கிண்ணத்தின் அடியில் தாரேயாகக் காத்திருக்கும்; உண்பவர் வந்து அமர்ந்த பிறகே கொதிக்கும் சாற்றை அதன்மேல் ஊற்றுவார்கள். நம் ஊர் உணவு அட்டைகளில் ஷோயு, ஷியோ, மிசோ, டொன்கொட்சு என்று நான்கையும் ஒரே வரிசையில் அச்சிட்டிருப்பார்கள். முதல் மூன்றும் தாரேயின் பெயர்கள்; கடைசியது பன்றி எலும்புச் சாற்றின் பெயர். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம், பொன்னி என்று எழுதுவதைப் போன்றது அது.

முதல் கடை பெரியது. குளிரூட்டிய கூடம், மங்கிய விளக்கு, சுவரில் அலை ஓவியம், ஆறு வகை ராமென். ஷோயுவும் மிசோவும் வெவ்வேறு நாள்களில் வாங்கினேன்; ஒன்று 420 ரூபாய், மற்றொன்று 450. படம் எடுப்பதற்கென்றே அடுக்கியதுபோலப் பச்சைப் பூக்கோசும் சோளமுத்துகளும் செங்குத்தாக நிறுத்திய கடற்பாசித் தாளும் இருந்தன; அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கரண்டியை உள்ளே விட்டால் இரண்டிலும் ஒரே சாறு, நிறம் மட்டும் வேறு. தூளில் கரைத்த சாறு என்பது முதல் மிடறிலேயே தெரிந்தது. நாக்கின் முன்பகுதியில் உப்பாக வந்து, தொண்டைக்குப் போவதற்குள் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. மிசோவில் கெட்டித்தன்மை வேண்டும் என்று சோளமாவு வேறு கரைத்திருந்தார்கள். சில்லி சிக்கனுக்கு முன்னால் வரும் சோளச் சூப்பின் நினைவுதான் வந்தது. நூடுல்ஸும் அதே சமையலறையில் ஃப்ரைடு நூடுல்ஸுக்குப் பயன்படுத்தும் அதே நூடுல்ஸ்தான்.

நூடுல்ஸைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ராமென் நூடுல்ஸின் மஞ்சள் சாயலுக்கு முட்டைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கன்சுய் எனப்படும் கார உப்பின் வேலை; சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கலந்தது. அப்பளமாவில் இடும் அப்பளக்காரத்தின் நெருங்கிய உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காரம் கோதுமைமாவின் பசைத்தன்மையை இறுக்கி, கடித்தால் திருப்பிக் கடிப்பதுபோன்ற ஒரு விறைப்பைக் கொடுக்கிறது. கொதிசாற்றில் கிடந்தாலும் சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்க வைக்கிறது. கன்சுய் சேராத நூடுல்ஸைச் சாற்றில் போட்டால், பாதி கிண்ணம் உண்பதற்குள் மீதி ஊறிக் குழைந்துவிடும். முதல் கடையில் நடந்தது அதுதான்.

இரண்டாவது, கல்லூரி மாணவர்கள் கூடும் ஒரு காப்பிக்கடை. அங்கே 220 ரூபாய்க்கு ராமென் என்று கொடுப்பது கொரிய நாட்டு ராம்யொன். பொட்டலத்து நூடுல்ஸை வேகவைத்து, மேலே பாலாடைக்கட்டி ஒன்றைப் போர்த்துகிறார்கள். கொரியாவில் ராம்யொன் என்றாலே உடனடி நூடுல்ஸ்தான் என்பதால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அட்டையில் சரியான பெயரைப் போட்டிருந்தால் நானும் வேறொன்றை எதிர்பார்த்துப் போயிருக்க மாட்டேன். காரம் பிடித்தவர்கள் போகலாம்.

மூன்றாவது கடை முழுச் சைவம். கொங்கு நாட்டில் செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை என்று கவிச்சி தொடாத நாள்கள் பல வீடுகளில் உண்டு என்பதால் இந்தக் கடையின் தேவையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் சைவ ராமென் என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறான தாஷியில், உலர்த்திப் புகையூட்டிய சூரை மீனின் சீவல்கள் சேர்வது வழக்கம். கடையில் தூளாக விற்கும் தாஷியிலும் பெரும்பாலும் அந்த மீன் இருக்கும். இறைச்சியை மட்டும் நீக்கிவிட்டு, அதே தூளில் காய்கறியைப் போட்டுச் சைவம் என்று கொடுக்கும் இடத்தை நான் வேறோர் ஊரில் பார்த்திருக்கிறேன். ஆகவே எந்தக் கடைக்குப் போனாலும், தாஷித் தூள் சேர்க்கிறீர்களா, அதில் மீன் உண்டா என்று கேட்பது நலம். இங்கே கேட்டபோது பரிமாறியவர் தயங்காமல் உள்ளே சென்று, உலர்ந்த ஷிட்டாக்கே காளானும் கொம்பு என்னும் கடற்பாசியும் இருந்த இரு கண்ணாடிக் குப்பிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த இரண்டையும் சேர்ப்பது வெறும் பழக்கமன்று. கொம்பில் இருக்கும் குளூட்டமேட்டைத்தான் 1908-இல் கிகுனாயே இகேடா பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். உலர்ந்த ஷிட்டாக்கேயில் குவானிலேட் என்னும் வேறொரு பொருள் உண்டு. இரண்டும் ஒரே சாற்றில் சேரும்போது, தனித்தனியே கொடுப்பதைவிடப் பன்மடங்கு சுவை எழுகிறது. இக்கடையின் சாற்றில் அந்த ஆழம் இருந்தது. கருகக் கருக வாட்டிய வெங்காயத்தின் இனிப்பும் மெல்ல வந்தது. எள் விழுதும் மிளகாய் எண்ணெயும் சேர்த்த தன்தன் வகை 340 ரூபாய். எள்ளின் மணத்துக்குப் பழகிய நம் நாக்குக்கு அது அந்நியமாகவே தோன்றாது. குறையும் உண்டு. மேலே போட்ட காளான்கள் மாவில் புரட்டிப் பொரித்தவை. சாற்றில் விழுந்தவுடன் மேற்பூச்சு கழன்று மிதந்தது. நகரமெங்கும் மாலையில் தள்ளுவண்டிகளில் விற்கும் காளான் மசாலாவின் செல்வாக்கு என்று நினைக்கிறேன். அந்த வண்டிகளில் பாதிக்கு மேல் முட்டைக்கோஸ்தான் என்பது வேறு கதை.

நான்காவது கடைக்கு வருகிறேன். இதற்காக மட்டும் நான் ஐந்து முறை சென்றேன். துணிக்கடைகள் உள்ள சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முன்பு வீடாக இருந்த இடத்தின் முன்கூடம், பன்னிரண்டு இருக்கைகள், மூன்றே வகை ராமென். பன்றி எலும்பு கிடையாது. டொன்கொட்சு, ஜப்பானின் கியூஷு தீவில் உள்ள குருமே நகரில் 1937-இல் ஒரு தள்ளுவண்டிக் கடையில் தொடங்கியது என்பார்கள். அதன் பால்போன்ற வெண்ணிறச் சாற்றைப் போலிசெய்ய முயன்று, பாலும் வெண்ணெயும் ஊற்றிக் கெடுக்கும் கடைகள் உண்டு. இவர்கள் அந்த வழியில் போகாமல், பல்லடம் பக்கத்துப் பண்ணைக் கோழியின் எலும்பையும் கால்களையும் கொண்டு தோரி பைத்தான் என்ற வகையைச் செய்கிறார்கள். பைத்தான் என்றால் வெண்சாறு. அதே பெயருள்ள கணினி மொழியை நினைத்து மென்பொருள் நண்பர்கள் சிரிக்க வேண்டாம்.

வெண்மை எப்படி வருகிறது என்று சமையற்காரரிடம் கேட்டேன். தெளிந்த சாறு வேண்டுமென்றால் கொதி வராமல் சிறுதீயில் வைக்க வேண்டும். வெண்சாறு வேண்டுமென்றால் அதற்கு நேர்மாறாக, ஆறு மணி நேரம் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். கோழிக்காலின் தோலிலும் மூட்டிலும் இருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகி, கொதியின் வேகத்தில் சிதறும் கொழுப்புத் துளிகளைப் பிரியவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதே நாம் காணும் வெண்மை. குடித்து முடித்த பிறகு இரு உதடுகளும் இலேசாக ஒட்டிக்கொள்ள வேண்டும். இங்கே ஒட்டின. வீட்டில் சளி பிடித்த நாளில் அம்மா வைக்கும் நாட்டுக்கோழிச் சாற்றிலிருந்து மிளகையும் சீரகத்தையும் எடுத்துவிட்டு, பத்து மடங்கு வற்றவைத்ததுபோல் இருந்தது என்றால் நம்மவர்களுக்குப் புரியும்.

அந்தக் கோழிச்சாற்றில் கொம்பு ஊறிய நீரையும் ஒரு பங்கு கலக்கிறார்கள். கடற்பாசியின் சுவை மென்னீரில் நன்றாக இறங்கும். கடின நீரில் இறங்காது. ஆழ்குழாய் நீரில் இதைச் செய்து பார்த்துத் தோற்றதாகவும், சிறுவாணி நீர் வரும் பகுதி என்பதாலேயே இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்ததாகவும் அவர் சொன்னார். சிறுவாணியை இந்நகருக்குக் கொண்டுவர உழைத்த நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத்தான் ஆர்.எஸ். புரம் தாங்கியிருக்கிறது. தண்ணீரைப் பற்றிப் பெருமை பேச எங்களுக்கு ஏற்கெனவே காரணங்கள் குறைவில்லை. இப்போது இன்னொன்று கிடைத்திருக்கிறது.

முட்டை நாமக்கல்லிலிருந்து வருகிறது. ஆறரை நிமிடம் வேகவைத்து, குளிர்நீரில் போட்டு உரித்து, சோயா சாற்றில் ஓர் இரவு ஊறவைக்கிறார்கள்; வெள்ளைக்கரு பழுப்பேறி, மஞ்சள்கரு தேன்பதத்தில் நிற்கிறது. நூடுல்ஸை அங்கேயே பிசைந்து, கன்சுய் சேர்த்து, ஒரு சிறிய இயந்திரத்தில் வெட்டுகிறார்கள். அதன் விறைப்பு எல்லோருக்கும் பிடிப்பதில்லை. சந்தகையின் மென்மைக்குப் பழகிய வாய்கள் நம்முடையவை; வெந்த அரிசிமாவைப் பிழிந்து, தேங்காய்ப்பாலில் நனைத்து, பல்லுக்கு வேலையே இல்லாமல் விழுங்குகிறவர்கள் நாம். பேரப்பிள்ளைகளோடு பக்கத்து மேசைக்கு வந்திருந்த ஒரு பெரியம்மா, இரண்டு வாய் மென்று பார்த்துவிட்டுப் பரிமாறிய பையனை அழைத்து, “ஏங் கண்ணு, இது இன்னுங் கொஞ்சம் வேகோணுமாட்ட இருக்குதே” என்றார். “இல்லீங்கம்மா, இது இப்படித்தானுங்க இருக்கும்” என்று அவன் சொன்னான். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் சாறு முழுவதையும் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்து முடித்ததை நான் பார்த்தேன்.

கோழி இறைச்சித் துண்டுகள்தான் இக்கடையின் பலவீனம். பன்றி இறைச்சியில் செய்யும் சாஷூவுக்குப் பதிலாகக் கோழி நெஞ்சுக்கறியைச் சுருட்டி வைக்கிறார்கள். அதில் கொழுப்பில்லாததால் நார்நாராக உலர்ந்து போகிறது. தொடைக்கறிக்கு மாறினால் பாதிச் சிக்கல் தீரும். கேட்காமலேயே மிளகாய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிடுவதும் உண்டு. வாடிக்கையாளர்கள் காரமில்லை என்று திருப்பி அனுப்பியதன் விளைவாம். வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விலை 380 ரூபாய். சாறு மிச்சமிருந்தால் 60 ரூபாய்க்கு இன்னொரு பிடி நூடுல்ஸ் மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஜப்பானின் ஹகாட்டா பகுதியில் காயெடாமா என்று அழைக்கும் அந்த ஏற்பாட்டைக் கோவையில் நான் வேறெங்கும் காணவில்லை. வீட்டுக்கு வரவழைத்தும் பார்த்தேன்: சாற்றையும் நூடுல்ஸையும் தனித்தனியே கட்டித்தான் தந்தார்கள், இருந்தும் இருபது நிமிடப் பயணத்தில் நூடுல்ஸ் ஒரே கட்டியாகிவிட்டது. ராமெனுக்கு நாம்தான் நடந்து போக வேண்டும்.

போவதானால் எட்டு மணிக்குள் போவது நல்லது. ஐந்தாவது முறை, எட்டரை மணிக்கு நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனபோது, சாறு தீர்ந்துவிட்டது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். ஜப்பானிலும் சாறு தீர்ந்தால் நேரம் பாராமல் கடையைச் சாத்திவிடுவார்கள் என்று நண்பருக்கு விளக்கிக்கொண்டே நடந்தேன். அவருக்கோ பசி. சந்து திரும்பும் இடத்தில் ஒரு வண்டியில் ஆட்டுக்கால் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது; ஆளுக்கு ஒரு குவளை வாங்கினோம். உதடுகள் ஒட்டின.