ஃபர்ம்லியா, அடமன்ட்லியா?

மருந்துப் புட்டியின் மூடியிலும் ஃபர்ம்லி (firmly) என்ற ஆங்கிலச் சொல் வருகிறது, அமைச்சர் ஒருவர் குற்றச்சாட்டை மறுக்கும் செய்தியிலும் அதே ஃபர்ம்லி வருகிறது. அகராதியில் உள்ள 'உறுதியாக' என்பதை இரண்டிடத்திலும் இட்டு நிரப்பினால், 'மூடியை உறுதியாக மூடவும்' என்று யாரும் வீட்டில் சொல்லாத ஒரு வாக்கியம் கிடைக்கும். மூடியை நாம் இறுக்க மூடுகிறோம். அமைச்சர் திட்டவட்டமாக மறுக்கிறார்.

இந்த விரிவுதான் ஃபர்ம்லியின் பலம். முடிச்சு, கைப்பிடி, நம்பிக்கை, குரல் என எதனோடும் அது சேரும். சினமோ பிடிவாதமோ அதில் ஒட்டியிருப்பதில்லை. ஆசிரியை குரலை உயர்த்தாமல் 'கூடாது' என்றால் அது ஃபர்ம்லி. இதற்குக் 'கண்டிப்பாகச் சொன்னார்' என்று எழுதுவது வழக்கமாக இருந்தாலும், 'கண்டிப்பாக வருகிறேன்' என்பதில் அச்சொல் 'நிச்சயமாக' என்றாகிவிட்டதால், 'கண்டிப்புடன்' அல்லது 'கறாராக' என்பதே எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது.

அகராதியில் அதே 'உறுதியாக' என்ற பொருளில் நிற்கும் அடமன்ட்லி (adamantly) மூடியைத் தொடாது. வெல்ல முடியாதது என்று பொருள்படும் 'அடமாஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த இது, வைரத்தைக் குறிக்கும் டயமண்டுக்கு உடன்பிறப்பு. மறுப்பது, எதிர்ப்பது, வற்புறுத்துவது போன்ற வினைகளோடுதான் பெரும்பாலும் வரும். நம் காதில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'அவன் ரொம்ப அடமன்ட்' என்று சொல்லும்போது, வேரளவில் தொடர்பே இல்லாத நம் 'அடம்' உள்ளே புகுந்துகொள்வதால், அடமன்ட்லி மறுத்தவரெல்லாம் அடம்பிடித்தவராகிவிடுகிறார். ஆங்கிலத்தில் அந்த மறுப்பு நியாயமானதாகவும் இருக்கலாம்; அங்கே 'பிடிவாதமாக' என்று எழுதுவது மொழிபெயர்ப்பல்ல, தீர்ப்பு. நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவனோ வறட்டுப் பிடிவாதம் பிடித்த முட்டாள் என்று பிரிட்டிஷ் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரசல் 1948-ல் பிபிசி வானொலியில் வேடிக்கையாகக் காட்டியதும் இந்தச் சரிவைத்தான்.

இதே வரிசையில் மூன்றாவதான ஸ்டெட்ஃபாஸ்ட்லியில் (steadfastly) காலம் கலந்திருக்கிறது. இடத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லோடு ஃபாஸ்ட் சேர்ந்து பிறந்தது அது; இன்று வேகத்தைக் குறிக்கும் ஃபாஸ்டின் பழைய பொருள் 'அசையாத' என்பதுதான், சாயம் போகாத துணியைக் கலர்ஃபாஸ்ட் என்பதும் அதனால்தான். ஒரே ஒரு முறை மறுத்தவருக்கு இச்சொல் பொருந்தாது. பல ஆண்டுகள் அழுத்தம் வந்தும் நிலை மாறாதவருக்கே பொருந்தும் என்பதால், தமிழில் 'இறுதிவரை மாறாமல்' என்று விரித்து எழுதுவதில் தவறில்லை.